மூக்குக் குழாயில் இறங்குவதும் ரிஜ்க்தான்



ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் துண்டு விரிக்கப்படும்போது, யாருக்காக என்று கேட்பவர்கள் உண்டு. எதற்காக என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பெரும்பாலும் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையாகவே இருக்கிறது. அதிலும் வாய்ப் புற்றுநோய் அடிக்கடி வருகிறது. நம் ஜமாஅத்துகள் இதில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. உள்ளூரில் இருப்போர் கையில் உள்ளதைப் போடுகிறார்கள்; வளைகுடா நாடுகளில் உழைக்கும் சகோதரர்கள் அனுப்பி வைக்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கிறது. 'ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்' என்ற செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டால் வசூல் கணக்கும் முடிக்கப்பட்டுவிடுகிறது.

அந்த அறுவைக்கு முந்திய மூன்று வாரங்களிலும் பிந்திய ஆறு வாரங்களிலும் அந்த மனிதரின் வயிற்றுக்குள் என்ன போனது என்பதை எவரும் கேட்பதில்லை. நாம் இங்கே எழுத முற்படுவது அதைப் பற்றியே. அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளிக்குக் கொடுக்கப்படும் உணவு, சிகிச்சைக்குத் துணையாக வரும் ஒன்றன்று. சிகிச்சையின் ஒரு பாதி அது. அந்தப் பாதியை நாம் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். வறுமை ஒரு காரணம். வேதனை என்னவென்றால், ஒரு நபிமொழியைத் தவறாகப் புரிந்துகொண்டதும் இன்னொரு காரணமாக இருக்கிறது. ஆகவேதான் மதரஸாவில் பாடம் நடத்துவோர் இதைப் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று கருதுகிறோம்.

வாய்ப் புற்றுநோய், உணவு நுழையும் வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும் நோய். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ ஆறாத புண்ணாகத் தொடங்குகிறது. காரம் பட்டால் எரிகிறது. சூடு பட்டால் எரிகிறது. பல்லாண்டுகள் பாக்கு மென்றவர்களுக்கு, புற்றுநோய் வருவதற்கு முன்பே வாயின் உட்தோல் நார்போல் இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. முதலில் இறைச்சியும் ரொட்டியும் தட்டிலிருந்து நீங்குகின்றன. பிறகு சோறு குழைந்த சோறாகிறது. குழைந்த சோறு கஞ்சியாகிறது. கடைசியில் தேநீரும் அதில் ஊறவைத்த பன்னும் எஞ்சுகின்றன. இவ்வளவும் நடந்த பின்னரே பலர் மருத்துவரிடம் போகிறார்கள். அதற்குள் உடல் பல கிலோ இளைத்துவிடுகிறது. சட்டை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்து, 'நோய் அப்படி. அதனால் இளைத்துவிட்டார்' என்கிறோம். நோய் பாதி என்றால் பட்டினி மீதி.

இந்த நிலையில் உள்ளவரின் உடலிலிருந்துதான் மருத்துவர்கள் கன்னத்தையோ நாக்கின் ஒரு பகுதியையோ சில வேளைகளில் தாடை எலும்பையோ அகற்றுகிறார்கள். அகற்றிய இடத்தை மார்பிலிருந்தோ முன்கையிலிருந்தோ காலிலிருந்தோ எடுத்த தசையால் மூடுகிறார்கள். வைத்துத் தைத்த அந்தத் தசை உயிர்பிடித்து ஒட்டிக்கொள்ளப் புரதம் வேண்டும். கிருமிகளை எதிர்க்கப் புரதம் வேண்டும். இருமிச் சளியை வெளியேற்றுவதற்குக்கூட வலிமை வேண்டும். உடலில் சேமிப்பு இல்லாதவருக்குத் தையல் விட்டுப்போகிறது. உமிழ்நீர் கழுத்து வழியே கசியத் தொடங்குகிறது. காயம் சீழ் பிடிக்கிறது. அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்படுவோருக்கு அதனை ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. காயம் ஆறாவிட்டால் கதிர்வீச்சு தள்ளிப்போகிறது. தள்ளிப்போனால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு தம்ளர் பாலுக்கும் இவ்வளவு பெரிய விளைவுக்கும் இடையே இப்படி ஒரு சங்கிலி இருக்கிறது.

மருத்துவ உலகம் இதனைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. எஸ்பென் எனப்படும் ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதலின்படி, ஆறு மாதங்களுக்குள் உடல் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் இழந்தவரும், உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 18.5க்குக் கீழே போனவரும் கடுமையான ஊட்டக்குறைவு ஆபத்தில் இருப்பவர்கள். அத்தகையவருக்குப் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன் 7 முதல் 14 நாட்கள் முறையாக ஊட்டம் கொடுக்க வேண்டும்; அதற்காக அறுவையைச் சிறிது தள்ளிவைக்க நேர்ந்தாலும் சரி என்கிறது அந்த வழிகாட்டுதல். புற்றுநோய்க்கும் இது பொருந்தும். 60 கிலோ இருந்தவர் 53 கிலோவுக்கு இறங்கியிருந்தால் அவர் அந்த எல்லைக்குள் வந்துவிட்டார் என்று பொருள்.

நம் வீடுகளிலோ, நோய் உறுதியான நாளுக்கும் அறுவை நாளுக்கும் இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்கள் ஸ்கேன் எடுப்பதிலும், பணம் திரட்டுவதிலும், யார் மருத்துவமனையில் உடன் தங்குவது என்ற பேச்சிலும் கழிகின்றன. அல்லாஹ் கொடுத்த அவகாசம் அது. உணவு கொடுப்பதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

எவ்வளவு கொடுக்க வேண்டும்? ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ உள்ளவருக்கு 1500 முதல் 1800 கலோரியும், 72 முதல் 90 கிராம் புரதமும் தேவை. இப்போது நாம் கொடுப்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தம்ளர் அரிசிக் கஞ்சியில் ஏறத்தாழ 100 கலோரியும் இரண்டு கிராம் புரதமும் இருக்கும். நாளைக்கு ஆறு தம்ளர் குடித்தாலும் 600 கலோரி, 12 கிராம் புரதம். 'வேளை தவறாமல் கஞ்சி கொடுக்கிறோம் ஹஜ்ரத்' என்று கண்கலங்கிச் சொல்லும் பிள்ளைகளின் அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அன்பில் தேவையான புரதத்தில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கிறது. இளநீரில் அதுவும் இல்லை.

செலவு பற்றிய அச்சமும் தேவையற்றது. ஒரு லிட்டர் பால், வேகவைத்த நான்கு முட்டை, 50 கிராம் பொட்டுக்கடலை மாவு, 30 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், 75 கிராம் அளவுக்குக் கேழ்வரகு அல்லது அரிசி மாவு: இவற்றை நாள் முழுவதும் பிரித்துக் கொடுத்தால் ஏறத்தாழ 1700 கலோரியும் 80 கிராமுக்குச் சற்று மேலான புரதமும் கிடைத்துவிடும். இவற்றில் எதற்காகவும் வெளியூர்க் கடைக்கு ஓட வேண்டியதில்லை. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு இந்தக் கணக்கு மாறும்; குழாயில் கொடுக்கும்போது எது போகும் எது அடைக்கும் என்பதும் வேறு. ஆகவே இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாமல், மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் பேசுவதற்கு ஒரு தொடக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். டயட்டீஷியன் என்று கேட்டால் காட்டுவார்கள். பெரும்பாலான குடும்பங்கள் கேட்பதே இல்லை.

ரமளானில் நாம் காய்ச்சும் நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், கைமா. வெறுங்கஞ்சியைவிடப் பன்மடங்கு சத்துள்ளது. மிளகாயும் கரம் மசாலாவும் சேர்ப்பதற்கு முன் ஒரு பங்கைத் தனியே எடுத்து, மிக்ஸியில் மைய அரைத்து, வடிகட்டி, இளஞ்சூட்டில் கொடுத்தால் வாய் திறக்க முடியாதவரும் குடிப்பார். ஊருக்கே காய்ச்சி ஊற்றத் தெரிந்த சமுதாயத்துக்கு ஒரு நோயாளிக்குக் காய்ச்சத் தெரியாமல் போகாது.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. பல நாட்கள் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமல் கிடந்தவருக்குத் திடீரென்று முழு அளவு உணவு கொடுக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட பட்டினியாளர்கள், வயிறார உண்டதும் உயிரிழந்த செய்தி மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கி இதயம் தடுமாறும். ஆகவே அத்தகையவருக்கு மருத்துவர் கண்காணிப்பில், குறைவாகத் தொடங்கிச் சில நாட்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம்.

நோயாளிகளை உண்ணவும் பருகவும் வற்புறுத்த வேண்டாம், அல்லாஹ்வே அவர்களுக்கு உண்ணவும் பருகவும் கொடுக்கிறான் என்னும் கருத்தில் ஒரு நபிமொழி திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் வருகிறது. இதனைச் சொல்லித்தான் பல வீடுகளில் தட்டு திருப்பி எடுக்கப்படுகிறது. எம்மிடம் ஓதும் ஒரு மாணவரின் தந்தை வாயில் கட்டியோடு படுத்திருந்தபோது, மருத்துவமனையில் மூக்கு வழியே குழாய் போடலாம் என்றார்கள். நலம் விசாரிக்க வந்த பெரியவர் ஒருவர், 'வேண்டாம் தம்பி, அத்தாவை வதைக்காதீர்கள். நோயாளிக்கு ரப்பு உணவளிக்கிறான் என்று ஹதீஸே இருக்கிறது' என்று தடுத்துவிட்டார். அந்தப் பெரியவரின் எண்ணம் தூய்மையானது. அந்த நபிமொழிக்கு அறிஞர்கள் சொன்ன விளக்கத்தை அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை, அவ்வளவே.

இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 751இல், அதாவது 1350இல் மறைந்தவர்கள். நபிவழி மருத்துவம் பற்றிய தமது நூலில் இந்த நபிமொழிக்கு நீண்ட விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதன் சாரம் இது: நோயின் உக்கிரத்தில் உடல் நோயோடு போராடுவதில் மூழ்கியிருக்கும், அப்போது பசி எடுக்காது, அந்த நேரத்தில் கனமான உணவைத் திணித்தால் அது தீங்காக முடியும். ஆனால் அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. அத்தகைய நிலையிலும் நோயாளியின் சக்தியைக் காக்கக்கூடிய மென்மையான பானங்களையும் நீர்த்த உணவுகளையும் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, இளங்கோழியின் சாற்றை எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறார்கள். அறிவு கலங்கிய சில நோய்களில் வற்புறுத்தியேனும் உணவு கொடுக்கத் தேவை ஏற்படும் என்றும் விதிவிலக்குச் சொல்கிறார்கள். வற்புறுத்தாதீர்கள் என்பதற்குப் பட்டினி போடுங்கள் என்று பொருள் கொள்வதற்கு அங்கே இடமே இல்லை.

மேலும், வாய்ப் புற்றுநோயாளியின் நிலை வேறு. அவருக்குப் பல நேரங்களில் பசி இருக்கிறது. வயிறு கேட்கிறது, வாய் மறுக்கிறது. மற்றவர்கள் உண்ணும் வாசனை வரும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது வெறுப்பினால் அன்று. பசி இல்லாதவருக்காகச் சொல்லப்பட்ட அறிவுரையைப் பசித்திருப்பவர் மீது சுமத்துவது எவ்வகையில் நீதி?

இந்த நபிமொழியோடு சேர்த்துப் படிக்க வேண்டியது தல்பீனா பற்றிய செய்தி. நோயுற்றோருக்கும் இறப்பு நேர்ந்த வீட்டாருக்கும் தல்பீனா கொடுக்கும்படி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லிவந்தார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தரும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் எடுத்துரைத்தார்கள் என்பது புகாரீயில் பதிவாகியுள்ளது. தல்பீனா என்பது வாற்கோதுமை மாவில் காய்ச்சிய, பால் போன்று நெகிழ்ந்த கஞ்சி; பாலும் தேனும் சேர்ப்பதுண்டு. மெல்ல வேண்டியதில்லை, விழுங்கினால் போதும். உண்ண முடியாதவருக்கு உணவின் வடிவத்தை மாற்றிக் கொடுக்கும் வழி நம் நபியின் வீட்டிலேயே இருந்திருக்கிறது. இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது நமக்குப் புரிவது: கையைப் பிடித்துத் திணிக்காதீர்கள், அவரால் இயலும் வடிவில் கொண்டு வாருங்கள்.

வாயால் போதிய அளவு இறங்காதபோது அந்த வடிவம் குழாயாகிறது. மூக்கு வழியே இரைப்பை வரை செல்லும் அந்த மெல்லிய குழாயைக் கண்டால் நம் மக்கள் நடுங்குகிறார்கள். அது கடைசிக் கட்டத்தின் அடையாளம் என்று நினைக்கிறார்கள். பார்க்க வருவோர் அதைக் கண்டதும் அழத் தொடங்க, நோயாளி தாம் சாகப்போவதாக முடிவு செய்துவிடுகிறார். உண்மையில் வாயில் அறுவை செய்தவர்களில் மிகப் பலருக்கு, தைத்த இடத்தில் உணவு படாமல் காயம் ஆறுவதற்காக, சில நாட்களோ இரண்டு மூன்று வாரங்களோ இந்தக் குழாய் இருக்கும். அறுவை முடிந்து 24 மணி நேரத்துக்குள்ளேயே அதன் வழியாக உணவைத் தொடங்குவது நல்லது என்று தலை, கழுத்து அறுவைக்கான இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நான்கு வாரங்களுக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால், வயிற்றில் சிறு துளையிட்டு நேரே இரைப்பைக்குக் குழாய் வைப்பதும் உண்டு. அதுவும் பிறகு எடுக்கப்படக் கூடியதே. ரிஜ்க் இன்ன வழியாகத்தான் வர வேண்டும் என்று நாம் அல்லாஹ்வுக்கு நிபந்தனை விதிக்க முடியாது. வாய் வழியாக வந்ததும் அவன் அளித்ததே; குழாய் வழியாக இறங்குவதும் அவன் அளிப்பதே.

குழாயோடு வீட்டுக்கு வந்துவிட்டால் பொறுப்பெல்லாம் மனைவி அல்லது மகளின் தலையில் விழுகிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுப்பார்கள். கொடுக்கும்போது நோயாளியின் தலையும் மார்பும் நன்கு உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பின்னும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. முன்னும் பின்னும் வெந்நீர் ஆறவைத்துச் சிறிதளவு செலுத்திக் குழாயைக் கழுவ வேண்டும். மூக்கின் அருகில் போட்டிருக்கும் குறி இடம் மாறியிருந்தாலோ, கொடுக்கும்போது இருமலும் மூச்சுத் திணறலும் வந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். குழாய் வெளியே வந்துவிட்டால் வீட்டில் எவரும் திரும்பச் செருகக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. இவற்றை மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாளில் அவசர அவசரமாகச் சொல்வார்கள். முந்திய நாளே தாதியரின் முன்னிலையில் ஒரு முறை தாமே செய்து பார்த்துவிடுவது நல்லது.

தொழுகையாளிகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லுஹருக்குச் சற்று முன்பு உணவு கொடுத்துவிட்டு, உடனே அவர் ஸுஜூதுக்குக் குனிந்தால் உணவு மேலேறி வரும். தொழுதுவிட்டுப் பிறகு உணவு கொடுக்கும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளலாம். அல்லது அமர்ந்தபடி சைகையால் தொழலாம். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகை இத்தகைய வேளைகளுக்குத்தான். உளூவில் வாய் கொப்பளிப்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் சுன்னத் ஆகும். காயத்தால் அதை விட்டாலும் உளூ நிறைவேறும். இதைப் பற்றிய மனக்குழப்பத்தில் தையல் பிரியும் அளவுக்குக் கொப்பளித்தவர்கள் இருக்கிறார்கள்.

நோன்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாய் வழியாக ஒன்றும் போகவில்லையே, குழாயோடு நோன்பு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு சென்றால் நோன்பு முறியும். குழாயை நிறுத்திவிட்டு நோன்பு வைக்கிறேன் என்று சிலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். அறுவையை எதிர்நோக்கியிருக்கும் உடலையோ அறுவையிலிருந்து தேறிவரும் உடலையோ பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் வெறுமையாக வைப்பது அதற்குத் தீங்கு. தீங்கு உறுதி என்று நம்பத்தகுந்த மருத்துவர் சொன்ன பிறகு நோன்பு நோற்பதில் நன்மையைத் தேடுவது சரியான வழியன்று. குணமடைந்த பின் களாச் செய்யலாம்; குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். குர்ஆன் திறந்துவைத்த கதவை நாம் ஏன் அடைக்க வேண்டும்?

உணவை நிறுத்துவோர் சொல்லும் காரணங்கள் வேறு சிலவும் உண்டு. சர்க்கரையும் இறைச்சியும் கொடுத்தால் புற்று வளரும், அதனால் நோயைப் பட்டினி போட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பட்டினி கிடப்பது மனிதர்தான். கட்டி தனக்கு வேண்டியதை அவருடைய தசையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஊட்டம் கொடுப்பதால் புற்று வளர்கிறது என்று அஞ்சி உணவை நிறுத்தத் தேவையில்லை என்பதே மேலே சொன்ன சங்கத்தின் நிலைப்பாடும். கருஞ்சீரகமும் தேனும் மட்டும் போதும் என்று பத்தியம் வைப்போரும் உண்டு. கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொன்ன அதே நபி (ஸல்) அவர்கள்தாம் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் ஏவினார்கள். ஒரு தேக்கரண்டி கருஞ்சீரகம் 80 கிராம் புரதத்துக்கு ஈடாகாது. அறுவைக்கு முன் எந்த மூலிகை கொடுத்தாலும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

டின்னில் வரும் ஊட்டச்சத்து மாவுகள் ஹலாலா என்ற கேள்வி நியாயமானது. பெரும்பாலானவை பாலிலிருந்தோ சோயாவிலிருந்தோ எடுத்த புரதமும் மாவுச்சத்தும் எண்ணெயும் கலந்தவை. இந்தியாவில் விற்கப்படும் டின்னில் பச்சைப் புள்ளி இருந்தால் அதில் விலங்கின் கொழுப்போ ஜெலட்டினோ இல்லை என்று தெளியலாம். ஐயத்தால் டின்னை மூலையில் வைத்துவிட்டு நோயாளியை வெறும் குளுக்கோஸ் தண்ணீரில் வைத்திருப்பதுதான் வருத்தத்துக்குரியது.

நலம் விசாரிக்கச் செல்வோருக்கு ஒரு சொல். நோயாளியின் முன்னால் அமர்ந்து, 'அந்தப் பாக்கை அப்போதே விட்டிருக்கலாமே, காக்கா' என்று தொடங்காதீர்கள். அது அவருக்குத் தெரியும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வெளியிட்டுவிட்டது. நம் திருமண வீடுகளில் வெற்றிலைத் தட்டு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பேச்சை அங்கே பேசுவோம், இளைஞர்களிடம் பேசுவோம். குற்ற உணர்வில் கிடக்கும் மனிதர் முன்னால் அதை எடுத்தால், அவர் இன்னும் ஒரு வேளை உணவை மறுப்பார். ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிச் செல்வதிலும் பொருளில்லை; அவரால் கடிக்க முடியாது. ஒரு கிலோ பால்பொடியும் இரண்டு டஜன் முட்டையும் வாங்கிச் செல்லுங்கள். பார்ப்பதற்கு அழகாக இராது, பயன்படும்.

இவையெல்லாம் தனி மனிதர்கள் செய்யக்கூடியவை. ஜமாஅத் செய்ய வேண்டியது தனியாக இருக்கிறது. காசநோயாளிகளுக்கு ஊட்டத்துக்காக இந்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பர் முதல் அதனை 1000 ரூபாயாக்கியது. மருந்து மட்டும் போதாது, உணவும் மருந்தோடு சேர்ந்தது என்பதை ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. நம் பைத்துல்மால்கள் வாய்ப் புற்றுநோயாளிக்கு இதையே செய்யலாம். நோய் உறுதியான வாரத்திலிருந்து கதிர்வீச்சு முடியும் வரை, உணவுக்கென்று ஒரு தொகை. அறுவைக்காக இலட்சங்களைத் திரட்டும் ஊருக்கு இது பெரிய சுமையன்று. திரட்டிய பணத்திலேயே பத்தில் ஒரு பங்கை உணவுக்கென்று ஒதுக்கிவைத்தாலும் பல வாரங்களுக்குத் தாங்கும்.

இதில் ஃபிக்ஹ் சார்ந்த ஒரு நுணுக்கம் உண்டு. ஜகாத் பணத்திலிருந்து கொடுப்பதானால், பெறுபவர் ஜகாத்துக்குத் தகுதியுடையவராக இருக்க வேண்டும்; ஷாஃபிஈ மத்ஹபின்படி பணத்தின் ஜகாத்தைப் பணமாகவே அவருக்கு உரிமையாக்கிக் கொடுத்துவிட வேண்டும். பொருளாக வாங்கிக் கொடுப்பதும், பலருக்கும் மாறி மாறிப் பயன்படும் மிக்ஸி, எடை பார்க்கும் இயந்திரம், தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டில் ஆகியவற்றை வாங்கி வைப்பதும் ஸதகா நிதியிலிருந்து நடக்கட்டும். இரண்டையும் ஒரே பேரேட்டில் கலந்துவிடக் கூடாது. பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், வாரத்துக்கு ஒரு நாள் ஒருவர் சென்று எடையைக் குறித்து வருவதும் இதில் அடங்க வேண்டும். எடை இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால், துஆவோடு சேர்த்து, உணவியல் நிபுணருக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் போக வேண்டும். பெண் நோயாளிகளின் வீட்டுக்குச் செல்ல நிஸ்வான் மதரஸாவில் ஓதி முடித்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இப்பொறுப்பைக் கொடுத்தால் நம்மைவிடச் செம்மையாகச் செய்வார்கள் என்பதில் எமக்கு ஐயமில்லை.

எமது மஹல்லாவின் அடுத்த செயற்குழுவில் இதனை எழுத்து வடிவில் வைக்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். தத்தமது ஊரில் இத்தகைய ஏற்பாடு ஏற்கெனவே இருந்தால், அதன் கணக்கு முறையை எமக்கு எழுதி அனுப்புமாறு வாசகச் சகோதர சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.